நிக்கோலாயாரின் முங்கு

நொமிக்கோஸுக்குக் கால் போனபோது வயது முப்பதைத் தாண்டியிருந்தது. கடற்பஞ்சு எடுக்கிற தொழிலில் அது அதிசயமில்லை. செம்புத் தொப்பியை மாட்டிக்கொண்டு, மேலே படகில் ஒருவன் மிஷினைச் சுற்ற, ரப்பர்க் குழாயில் வருகிற காற்றைக் குடித்துக்கொண்டு ஆழத்தில் நடக்கிறவன், நேரத்துக்கு மீறி நின்றுவிட்டு மேலே வந்தால் உடம்பு முறுக்கிக்கொள்ளும். சிலர் படகிலேயே முடிந்துபோவார்கள். மிச்சப் பேர் தடி ஊன்றுவார்கள், அல்லது கட்டிலில் கிடப்பார்கள். மிஷின் அடித்துவிட்டது என்பார்கள், அதோடு பேச்சு முடிந்தது. அடி வாங்கினவனுக்குப் படகுச் சொந்தக்காரரான சம்மாட்டி வருஷா வருஷம் அரைப்பங்கு, அதாவது முங்குகிறவன் பங்கில் பாதி, கொடுக்க வேண்டும் என்பது எங்கள் தீவின் வழக்கம். எழுதிவைத்த சட்டமில்லை. ஆனாலும் கொடுக்காதவன் படகில் அடுத்த வருஷம் ஒரு ஆளும் ஏறமாட்டான்.

நொமிக்கோஸின் வில்லங்கம் வேறு. அவன் யாருக்காக முங்கி அடிபட்டான் என்பதே வழக்காகிவிட்டது.

கடலோடிகளைக் காக்கிற புனிதர் நிக்கோலாயாரின் பழைய கோயில் நிலநடுக்கத்தில் விழுந்திருந்தது. அந்தக் கோயிலைச் சேர்ந்த கீழ்த்துறைப் பங்கு மக்கள் பழைய அளவுக்கே கட்டியிருந்தால் ஒரு வருஷத்தில் வேலை முடிந்திருக்கும். மேலூர்க் கோயிலின் கும்மட்டம் கடலிலிருந்து பார்த்தால் தெரிகிறது, நம்முடையது தெரியவில்லையே என்று அவர்களுக்கு நெடுநாள் எரிச்சல். பெரிதாகவே கட்டுவது என்று முடிவாயிற்று. பெண்கள் முட்டை விற்ற காசைப் போட்டார்கள். ஃப்ளோரிடாவுக்குப் பிழைக்கப் போனவர்கள் டாலர் அனுப்பினார்கள். ஒருத்தி கல்யாணத் தோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வீட்டில் மாமியாரிடம் அடி வாங்கினாள். சுவர் தோள் உயரம் வந்தபோது எல்லாம் தீர்ந்துபோனது.

அப்போது பங்குச்சாமி தெமெலிஸ் ஒரு வழி கண்டுபிடித்தார். ஈஸ்டர் முடிந்து கடல் தாண்டிப் பஞ்சுக்காகப் பெங்காசிக் கரைக்குப் போகிற ஒவ்வொரு படகும், ஊர் திரும்புமுன் கடைசி முங்கை நிக்கோலாயாருக்கு விட வேண்டும். அதில் வருகிற பஞ்சில் சம்மாட்டிக்கும் பங்கில்லை, முங்கினவனுக்கும் பங்கில்லை. மரியாதைக்கு அன்றைக்கு மட்டும் முங்குகிறவனின் இடுப்புக் கயிற்றைச் சம்மாட்டியே பிடிக்க வேண்டும். மூட்டையைத் துறைமுகத்தில் ஊர் பார்க்க நிறுப்பார்கள்.

அந்தத் தராசுதான் கெடுத்தது. எந்தப் படகின் மூட்டை கனம் என்பது மானப் பிரச்சினையாகிவிட்டது.

ஸ்தமாத்திஸ் சம்மாட்டியின் படகில் நொமிக்கோஸை மிஞ்சின ஆள் கிடையாது. பருவத்தின் கடைசி நாளில் மூன்று முறை முங்கி எழுந்திருந்தான். நாலாவது நிக்கோலாயாருக்கு. ஆழம் குறைந்த இடமாகப் பார்த்து இறங்கு என்று சம்மாட்டி சொன்னதைக் காதில் வாங்கவில்லை. கீழே பாறைச் சரிவு முழுக்க ஆள் தலை அளவுக்குப் பஞ்சு. மேலே வா என்று சம்மாட்டி கயிற்றை இழுத்தார். மறுபடி இழுத்தார். இழுப்பு அவனுக்குத் தெரிந்தது. இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று வலையை நிறைத்துக்கொண்டிருந்தான். மேலே வந்து தொப்பியைக் கழற்றியதும் சிகரெட் கேட்டுச் சிரித்தான். பாதி சிகரெட்டில் எழுந்திருக்கப் பார்த்தான். இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லை. கரையில் சுடுமணலில் கழுத்துவரை புதைத்துப் பார்த்தார்கள். அதற்குமேல் யாருக்கும் வைத்தியம் தெரியாது.

அந்த வருஷம் எல்லா மூட்டையையும்விட அவன் மூட்டைதான் கனமாக நின்றது. தராசைச் சுற்றிக் கை தட்டிக்கொண்டிருந்தபோது அவனைப் பாய்த்துணியில் வைத்து நாலு பேர் படகிலிருந்து இறக்கினார்கள்.

அவன் பெண்டாட்டி செவஸ்தி அரைப்பங்கு கேட்கப் போனாள். சம்மாட்டி கோதுமை மாவும் எண்ணெயும் கொடுத்து உட்காரவைத்தார்.

"தங்கச்சி, என் படகுக்கு முங்கி அடிபட்டிருந்தா நான் வாயத் திறந்திருக்க மாட்டேன். அது நிக்கோலாயாரோட முங்கு. அவரு வேலைக்கு நான் கூலி கொடுத்தா அவர அவமானப்படுத்துன மாதிரில்லா ஆயிரும்."

கடன் கழுத்துவரை இருந்த மனிதர்தான். ஆனால் சொன்னதை நம்பித்தான் சொன்னார். அவள் பங்குச்சாமியிடம் போனாள். காணிக்கைக்குக் கோயில் சம்பளம் கொடுத்தால் அது காணிக்கையாக இருக்காது என்று அவர் விளக்கினார்.

"அப்போ அவர் காலும் காணிக்கைதானா சாமி?" என்றாள்.

சாமி உள்ளே போய் வந்தார். இரண்டு ரொட்டி கொடுத்தனுப்பினார்.

அவருக்கு வேறு கவலை பிடித்திருந்தது. காப்பிக்கடையில் ஆட்கள் பேச ஆரம்பித்திருந்தார்கள். தனக்காக இறங்கினவனையே நிக்கோலாயார் காப்பாற்றவில்லை, நான் எதற்கு இறங்க வேண்டும் என்று கேட்டார்கள். இந்தப் பேச்சு முற்றினால் அடுத்த பருவத்தில் ஒரு மூட்டையும் வராது. சுவர் தோள் உயரத்திலேயே நிற்கும். சாமி ஒரு மத்தியானம் நொமிக்கோஸின் கட்டிலருகே வந்து உட்கார்ந்தார். நிக்கோலாயார் படத்தில் கை வைத்து நீ சத்தியமாகச் சொல், அதன்படி கோயிலின் பங்குச் சபை தீர்த்துவைக்கும் என்றார். எழுந்து போகிறபோது குரலைத் தாழ்த்தினார்.

"நல்லா யோசிச்சுப் பாருப்பா. மூணாவது முங்கு முடிஞ்சப்பவே கை குடைஞ்சிருக்கும். நீ கவனிச்சிருக்க மாட்ட."

மிஷின் அடி கைக் குடைச்சலில்தான் தொடங்கும். மூன்றாவது முங்கு சம்மாட்டியுடையது. அடி அதில் விழுந்ததென்றால் சம்மாட்டி கொடுத்தாக வேண்டும், நிக்கோலாயார் பேரிலும் குற்றம் இல்லை. செவஸ்தி கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"குடைஞ்சுதுன்னு சொல்லுங்க."

"குடையலியே."

"பிள்ளைங்க நேத்து என்ன தின்னுச்சுன்னு தெரியுமா உங்களுக்கு?"

இடிபாட்டிலிருந்து எடுத்த படத்தைச் சுண்ணாம்புக் கொட்டகையில் வைத்திருந்தார்கள். நாற்காலியோடு தூக்கிப்போய் அதன் முன்னால் நொமிக்கோஸை இறக்கினார்கள். சின்ன வயதிலிருந்து முத்தமிட்ட படம். ஒவ்வொரு பருவமும் கடலுக்குப் போகுமுன் நெற்றியை ஒட்டிக்கொண்டு நின்ற படம். நிக்கோலாயாரின் முகத்தை அவன் பார்க்கவில்லை. படத்தின் மரச்சட்டத்தில் கையை வைத்தான்.

"மூணாவது முங்குலயே அடிச்சிருச்சு. வலியோடதான் கடைசியா இறங்குனேன்."

மறுத்துச் சத்தியம் செய்கிறீரா என்று சம்மாட்டியைக் கேட்டார்கள். அவர் நொமிக்கோஸின் கால்களைப் பார்த்தார்.

"நடக்க முடியாதவனுக்கு எதிரா நான் படத்துல கை வைக்க மாட்டேன். அரைப்பங்கு வந்து சேரும்."

சொன்னபடி வந்து சேர்ந்தது. கொஞ்ச நாள் வீட்டில் அடுப்பு எரிந்தது.

அந்தப் பொய்க்கு இன்னொரு முகம் இருந்தது. செவஸ்தியும் அதைப் பார்க்கவில்லை, சாமியும் பார்க்கவில்லை. மூன்றாவது முங்கிலேயே அடி என்றால், அடிபட்டவனை மறுபடியும் கடலுக்குள் இறக்கினவர் ஸ்தமாத்திஸ் என்றாகிறது. தராசில் பேர் வாங்குவதற்காக இறக்கிவிட்டார் என்று காப்பிக்கடையில் முடிவு கட்டினார்கள். அவர் வந்து உட்கார்ந்தால் பக்கத்து மேசைக்காரன் எழுந்து போனான். ஈஸ்டருக்கு முன்பு அவர் நீட்டின முன்பணத்தை நல்ல ஆள் ஒருத்தனும் தொடவில்லை. வேறு தீவிலிருந்து கற்றுக்குட்டிகளைக் கூட்டிக்கொண்டு போய் அரைகுறை மூட்டைகளோடு திரும்பினார். அப்போதும் அரைப்பங்கு குறையவில்லை. அடுத்த வருஷம் கற்றுக்குட்டிகளும் வரவில்லை. கடன் கொடுத்தவன் படகை எடுத்துக்கொண்டான். மற்றப் படகுகளிலிருந்து நிக்கோலாயாரின் மூட்டைகள் தவறாமல் வந்தன. சுவர் ஜன்னலைத் தாண்டி ஏறியது.

ஒரு வார்த்தை சொன்னால் தீரும் என்று நொமிக்கோஸுக்குத் தெரியும். சாமியை வரச்சொல்ல வேண்டும் என்று காலையில் நினைப்பான். பிள்ளைகள் சாப்பிடுவதைப் பார்ப்பான். நாளைக்குச் சொல்லலாம் என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான்.

ஸ்தமாத்திஸ் ஆஸ்திரேலியாவுக்கு முத்துக்குளிப்பு வேலைக்குப் போவதாக எழுதிக் கொடுத்துவிட்டார். கப்பல் ஏறுமுன் நொமிக்கோஸ் வீட்டுக்கு வந்தார். இளைத்திருந்தார்.

"படகு போச்சுலே. நங்கூரம் ஒண்ணத்தான் எனக்குன்னு விட்டானுக. அத வித்துட்டேன். இது உன் பங்கு."

நொமிக்கோஸ் கை நீட்டவில்லை. "சம்மாட்டி, நான் சாமிகிட்ட உண்மையச் சொல்லிருதேன்."

"இப்பச் சொல்லி? படகு வந்துருமா? உன் பேரும் சேந்து நாறும், அவ்வளவுதான்." தொப்பியைக் கையில் வைத்துச் சுருட்டிக்கொண்டிருந்தார். "எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு. நான் கயித்த இழுத்தது உனக்குத் தெரிஞ்சுதா? ஊரே சொல்லச் சொல்ல எனக்கே சந்தேகம் வந்துட்டு. சரியா இழுக்கலியோ, நாந்தான் உன்ன முடிச்சிட்டனோன்னு."

"தெரிஞ்சுது அண்ணாச்சி. ஒவ்வொரு இழுப்பும் தெரிஞ்சுது."

அவர் தலையை ஆட்டினார். பணத்தைக் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டுப் போனார். தெருவில் அவரோடு நடந்துபோக ஆள் இல்லை.

அந்தப் பணம் குளிர்காலத்தோடு தீர்ந்தது. இனி அரைப்பங்கு கேட்கச் சம்மாட்டியும் இல்லை, படகும் இல்லை. செவஸ்தி கோயில் வேலைக்கே போனாள். பங்குச் சபைக்காரர்கள் இரக்கப்பட்டுச் சேர்த்துக்கொண்டார்கள். கும்மட்டத்துக்குச் சுண்ணாம்புக் கலவை சுமக்கிற வேலை, பெண்ணாள் கூலி. மாலையில் வருகிறபோது கண் சிவந்திருக்கும், விரல் இடுக்கெல்லாம் வெந்து பிளந்திருக்கும். நொமிக்கோஸ் உட்கார்ந்தபடியே அவள் கையை மடியில் வைத்து எண்ணெய் தடவுவான். அவன் செய்ய முடிந்தது அதுதான்.

ஒரு நாள் அவளே சொன்னாள். இந்தப் பருவம் மூட்டைகள் நல்ல கனமாம், நல்ல விலைக்கும் போயிருக்கிறதாம். கோடைக்குள் கும்மட்டத்தை மூடிவிடலாம் என்று கொத்தனார் சொல்கிறாராம்.

"மூடுனப்புறம் உனக்கு என்ன வேலை?" என்று கேட்டான்.

"மூடுனப்புறம் என்ன வேலை. ஒண்ணுமில்ல."

அவள் கையைக் கழுவிக்கொண்டு அடுப்புப் பக்கம் போனாள். படத்தில் கை வைத்த நாளிலிருந்து நொமிக்கோஸ் நிக்கோலாயாரிடம் எதுவும் கேட்டதில்லை. கேட்க முகம் இல்லை. அன்றைக்குக் கேட்டான். நிக்கோலாயாரே, உமக்கு என்ன அவசரம், உம்முடைய கும்மட்டம் மெதுவாகவே எழும்பட்டும் என்று கேட்டான்.