விழுவதற்கு ஒரு வேடம்

ஹாலந்தில் சிரிப்பதற்குக்கூட அக்கம்பக்கம் பார்த்துக்கொள்கிறார்கள். சென்ற குளிர்காலத்தில் எங்கள் தெரு நூலகத்தில் ஒரு பழைய துப்பறியும் நகைச்சுவைப் படம் போட்டார்கள். துப்பறிவாளர் கதவென்று நினைத்து அலமாரிக்குள் நுழைகிறார், திருடனைப் பிடிக்கப் பாய்ந்து கல்யாணக் கேக்கின்மேல் விழுகிறார். அரங்கமே உருண்டு புரண்டது. அப்போது திரையில் தலைப்பாகையோடு ஓர் இந்தியச் சமையல்காரர் வந்தார். முகத்தில் பழுப்புச் சாயம் பூசிய வெள்ளைக்காரர். சட்டென்று சிரிப்பு நின்றது. அத்தனை தலைகளும் என் பக்கம் திரும்பின. நானோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தேன்.

காரணத்தை அவர்களுக்கு எப்படிச் சொல்வது? திராட்சை விளையும் கூடலூருக்குப் பக்கத்தில், எங்கள் ஊர் மாதா கோயிலில், ஈஸ்டர் சமயத்தில் சிலுவைப்பாட்டைச் சொல்லும் பாஸ்கா நாடகம் போடுவோம். வருடம் தவறாமல் என் சித்தப்பா சவரிமுத்துதான் சிலுவைத் தீர்ப்புச் சொல்லும் ஆளுநர் பிலாத்து. ரோமாபுரிக்காரர் ஆவதற்காக முகத்திலும் கையிலும் ரோஸ் பவுடரை அப்பிக்கொள்வார். பிலாத்து கை கழுவும் கட்டம் வரும். பவுடர் தண்ணீரோடு ஓட, தோட்டத்து வெயிலில் கறுத்த கை வெளியே வரும். அழ வேண்டிய இடத்தில் ஊரே சிரிக்கும்.

ஆனால் என் மகள் ரீட்டாவுக்கு இதெல்லாம் சிரிப்பாக இல்லை. பன்னிரண்டு வயது. அந்தப் படத்தையே அவள் பள்ளியில் நாடகமாகப் போட எடுத்திருந்தார்கள். துப்பறிவாளர் வேடம்தான் வேண்டுமென்று ஒற்றைக் காலில் நின்றாள். அவளுடைய யூஃப், அதாவது வகுப்பாசிரியை, என்னை அழைத்துப் பூரிப்போடு சொன்னார்: “சமையல்காரர் பாத்திரத்தைக் கண்ணியமாக மாற்றி ரீட்டாவுக்குக் கொடுத்திருக்கிறோம். அவள் விழமாட்டாள். யாரும் அவளைப் பார்த்துச் சிரிக்கமாட்டார்கள்.” எரிச்சலில் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தேன். நான் நெகிழ்ந்துவிட்டதாக நினைத்து என் கையைப் பற்றிக்கொண்டார். நானும் நன்றி சொல்லித் தொலைத்தேன். நாடகத்தன்று எல்லாப் பிள்ளைகளும் தடுக்கித் தடுக்கி விழ, என் மகள் பட்டுப்புடவையில் குத்துவிளக்கு மாதிரி நின்றாள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

ஆகஸ்டில் மாதா திருவிழாவுக்கு ஊருக்கு வந்தோம். படத்தின் கதையைக் கேட்டதும் சித்தப்பா துள்ளிக் குதித்தார். திராட்சைத் தோட்டத்தில் நடந்த களவாக அதை மாற்றி, நம் மேடையில் போட்டே தீருவது என்றார். ரீட்டாவுக்கு அவர் ஒதுக்கிய வேடம், தோட்டம் பார்க்க வந்த வெள்ளைக்காரத் துரைசாணி.

“நீ வெளிநாட்டுப் புள்ள ஆத்தா. தொப்பிய மாட்டிக்கிட்டு நின்னாப் போதும், வேசம் தானாப் பொருந்திரும்.”

“அங்கன இந்தியாக்காரியா நின்னேன். இங்கன வெள்ளைக்காரியா நிக்கணுமா? நான் விழணும் தாத்தா!”

சித்தப்பா என் பக்கம் திரும்பினார். “அங்கன உள்ளவுக என்னதான் சொன்னாக?”

யூஃப் சொன்னதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஒத்திகைக்கு நின்ற இளவட்டங்களைக் கூப்பிட்டார். “ஏலே, அந்தத் துப்பறியுற கோட்ட இவகிட்டக் குடுங்க. துரைசாணிய நான் பாத்துக்கிறேன். பவுடரு எனக்குப் புதுசா?”

திருவிழா மேடையில் ரீட்டா ஒட்டுமீசையோடு வந்தபோது நான் நாற்காலியின் நுனிக்கே வந்துவிட்டேன். முதல் அடியிலேயே திராட்சைக் கூடைக்குள் தலைகுப்புற விழுந்தாள். துரைசாணியின் பாவாடையைத் தடயம் என்று பிடித்து இழுத்தாள். எழுந்தாள், மறுபடி விழுந்தாள். கூட்டம் சிரித்த சிரிப்பில் பந்தல் கிழிந்துவிடும் போலிருந்தது. நான் நாற்காலிமேல் ஏறி விசில் அடித்தேன். பக்கத்திலிருந்த பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டே, “யாரு வீட்டுப் புள்ள இது?” என்றார். “என் புள்ள! என் புள்ள!” என்று கத்தினேன்.

நாடகம் முடிந்ததும் நடித்தவர்களை ஊர்ப் பெயரோடு அறிவிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். மைக் பிடித்தவர் ரீட்டாவிடம் வந்ததும் திணறினார்.

“பாப்பா, எந்த ஊருன்னு சொல்ல?”

அவள் பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்து, கூட்டத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நிதானமாக ஆராய்ந்தாள்.

“அதத்தான் துப்பறிஞ்சுக்கிட்டு இருக்கேன்.”

ஊரே ஆர்ப்பரித்தது. எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டியதும் நான்தான், அழுததும் நான்தான்.