மயக்கம் வேண்டுமா, வேண்டாமா

போன வாரம் ஆம்பூரிலிருந்து வேலூருக்குப் பேருந்தில் போய்க்கொண்டிருந்தேன். பக்கத்து இருக்கைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். கைபேசியில் விண்கப்பல் ஓட்டிக்கொண்டிருந்தார். அது நேராகப் பாய்கிறது, கண் இமைப்பதற்குள் பின்பக்கம் திரும்புகிறது, ஒரு கோளை ஒட்டி வளைந்து மறுபடி பாய்கிறது. உள்ளே இருக்கும் விமானியோ தலைமுடிகூடக் கலையாமல் புன்னகைக்கிறார். அந்த நேரம் பார்த்து, குறுக்கே வந்த டூவீலருக்காக எங்கள் ஓட்டுநர் பிரேக் போட்டார். நம்மவர் நெற்றியை முன்கம்பியில் இடித்துக்கொண்டார். தடவிவிட்டுக்கொண்டு, நடந்ததிலிருந்து எந்தப் பாடமும் கற்காமல் விண்வெளிக்குத் திரும்பிவிட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. அது நியாயமான கோபம் இல்லை என்று எனக்கே தெரியும். ஆனால் அந்த மாதிரி ஒரு விமானிக்குத் தலைசுற்ற வைப்பதற்காக வாழ்க்கையில் இரண்டு வருடங்களைக் கொடுத்தவன் நான். அந்தக் கதையை இதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. நீங்களும் கேட்கவில்லைதான். ஆனாலும் மாட்டிக்கொண்டீர்கள்.

பொறியியல் முடித்துவிட்டு, சான்றிதழைப் பத்திரமாகப் பீரோவில் வைத்துவிட்டுச் சும்மா இருந்த காலம். எங்கள் ஊரில் இம்தியாஸ் பாய் என்று ஒருவர். அவருடைய அப்பாவுக்கு ஷூவின் மேல்பாகத்தைத் தைத்து ஏற்றுமதி செய்யும் தொழிற்சாலை இருந்தது. பாய் பெங்களூரில் படித்துவிட்டு வந்தவர். திரும்பி வரும்போது ஒரு தீர்க்கதரிசனத்தையும் கொண்டுவந்திருந்தார். "லெதர்லாம் முடிஞ்ச்சு தோஸ்த். இனிமே கேம்தான்." அப்பா அதைக் கேட்டு என்ன நினைத்தாரோ, மாடியில் ஒரு அறையைக் காலி செய்து கொடுத்தார். கீழே இருந்தால் தையல் கெட்டுவிடும் என்று நினைத்திருக்கலாம்.

அதுவரை அந்த அறையில் தேறாத தோல்களைச் சுருட்டி வைத்திருந்தார்களாம். அவற்றை அகற்றிவிட்டு எங்களை வைத்தார்கள். எங்களை என்றால், நிரல் எழுத நான், படம் வரைய பள்ளிகொண்டாவிலிருந்து வரும் சரவணன். கீழிருந்து ஷூப் பசையின் நெடி படிக்கட்டு ஏறி வந்து எங்களோடு நாள் முழுவதும் உட்கார்ந்திருக்கும். இன்றைக்கும் செருப்புத் தைக்கும் இடத்தைத் தாண்டிப் போனால் எனக்குச் செவ்வாய்க் கிரகம் ஞாபகம் வருகிறது.

பாய் கேட்டது எளிமையான விளையாட்டு. செவ்வாய்க்குப் போகும் விண்கப்பல் வேகமாகப் போக வேண்டும், சுட வேண்டும், வெடிக்க வேண்டும். நான் படித்தவன் இல்லையா, அதனால் கெடுத்தேன். "பாய், இவ்வளவு வேகத்தில் திருப்பினால் உள்ளே இருப்பவன் மயங்கிவிடுவான்" என்று ஆரம்பித்தேன். வேகத்தால் மனிதனுக்கு ஒன்றும் ஆகாது. ஆம்பூரில் நிற்காமல் பறக்கும் ரயிலில் ஜனங்கள் டீ குடித்துக்கொண்டே போகிறார்கள். வேகம் மாறும்போதுதான் வம்பு. திடீரென்று முடுக்கினால், திருப்பினால், உடல் இருக்கையோடு அழுந்தும். தலையிலிருக்கும் ரத்தம் காலுக்கு இறங்கும். ரத்தம் போதாத மூளை கொஞ்ச நேரம் கடையைச் சாத்திவிடும். இந்த அழுத்தத்தை ஜி என்று அளப்பார்கள். சும்மா நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நம் மேல் இருப்பது ஒரு ஜி. போர் விமானிகள் சிறப்பு உடையும் பயிற்சியுமாக ஒன்பது வரை தாக்குப்பிடிப்பார்கள். எங்கள் கப்பல் போட்ட திருப்பத்தைக் கணக்கிட்டால் நாற்பது வந்தது. விமானி என்று ஒருவரை வரைந்ததே வீண். அங்கே மிஞ்சுவது ஜாம்தான்.

பாய்க்கு அது பிடித்துவிட்டது. "ரியலா இருக்கும்ல? பண்ணு" என்றார்.

பண்ணினேன். ஒன்பது ஜி தாண்டினால் திரை கறுப்பாகிவிடும். பாயைக் கூப்பிட்டு உட்காரவைத்தோம். கப்பலைத் திருப்பினார். திரை அணைந்தது.

"இன்னாடா, கரண்ட் போய்ட்ச்சா?"

இல்லை பாய், நீங்கள் மயங்கிவிட்டீர்கள் என்று நான் விளக்குவதற்குள் அவர் எலக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டுத் திட்ட ஆரம்பித்திருந்தார்.

அடுத்த முறை சரவணன் சாம்பல் நிறத்தில் மேகம் மேகமாக வரைந்து திரையின் மேல் படரவிட்டான். அதைப் பார்த்த பாய், கண்புரை வந்தவனுக்கு எதற்கு ராக்கெட் கொடுத்தீர்கள் என்று கேட்டார். மூன்றாவது முயற்சியாக ஆராய்ச்சிப் பயணம் ஒன்று போனோம். வேலூரில் பொருட்காட்சி போட்டிருந்தார்கள், ராட்டினத்தில் ஏறினோம். நான் குறிப்பேடு வைத்திருந்தேன். 'வயிறு: மேலே. பயம்: ஜாஸ்தி. பார்வை: துரதிர்ஷ்டவசமாகத் தெளிவாக இருக்கிறது' என்று எழுதினேன். அதற்கு மேல் எழுத முடியாதபடி சரவணன் அந்தப் பக்கத்தில் வாந்தியெடுத்துவிட்டான். விண்வெளி ஆராய்ச்சியில் ஆம்பூரின் பங்களிப்பு அந்த அளவில் நின்றது.

அப்போதுதான் சுமதியக்கா வந்தார்.

எங்கள் அறையில் ஏசி இருந்தது. மனிதர்களுக்காக இல்லை, கணினிகளுக்காக. கீழே நூற்றுக்கணக்கான பெண்கள் தகரக் கூரைக்குக் கீழே தைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு மின்விசிறி, அதுவும் வெந்நீர் மாதிரி காற்றோடு. ஒரு மதியம் சூப்பர்வைசர் ஒரு பெண்மணியைக் கூட்டிக்கொண்டு மேலே வந்தார்.

"தல சுத்துதாம். பத்து நிமிஷம் இங்க குந்தட்டும், அப்பறம் அனுப்பிடுங்க."

முப்பத்தைந்து வயது இருக்கும். பள்ளிகொண்டாவைத் தாண்டி ஏதோ கிராமத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருபவர். தண்ணீர் குடித்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். நான் என் வேலையில் இருந்தேன். திரையில் விமானி பத்தாவது முறையாக மயங்கிக்கொண்டிருந்தார்.

"அவருக்கு இன்னா ஆச்சு?" என்று கேட்டார்.

"மயக்கம்க்கா."

கொஞ்ச நேரம் பார்த்தார். "மயக்கம் இப்டி வராது சார். ஒரேடியா இருட்டாவாது. மொதல்ல கலரு போவும்."

நான் நாற்காலியோடு திரும்பினேன்.

"செவப்பு நூலு போட்டு தச்சினு இருப்பேன். பாத்துனே இருக்கும்போதே நூலு சாம்பலா ஆய்டும். அப்பறம் ஓரம்லாம் மூடினு வரும், சுருக்குப் பைய இழுத்து மூடுற மாதிரி. நடுவுல ஊசி மட்டும் தெரியும். அப்பறம் அதுவும் போய்டும்."

"அப்போது மயங்கிவிடுவீர்களா?" பரபரப்பில் அச்சுத்தமிழில் கேட்டுவிட்டேன்.

"இல்ல. இருட்டுதான். ஆனா காது கேக்கும். மிஷின் சத்தம், சூப்பர்வைசர் பேசறது, எல்லாம் கேக்கும். காதுதான் கடைசியா போவும். திரும்ப வர்றப்போ அதான் மொதல்ல வரும்."

நான் வாரக்கணக்கில் இணையத்தில் தோண்டியும் சரியாகப் பிடிபடாததை அவர் ஒரு டம்ளர் தண்ணீருக்குள் சொல்லி முடித்துவிட்டார். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். பிறகு, நானே இன்றுவரை என்னை மன்னிக்காத ஒரு கேள்வியைக் கேட்டேன்.

"எவ்ளோ நாளுக்கு ஒருதடவ வரும்க்கா?"

"வாரத்துக்கு ரெண்டு மொற வரும்."

"சூப்பர்" என்றேன்.

ஆமாம், அப்படித்தான் சொன்னேன். வாரம் இரண்டு முறை புதுத் தகவல் வருமே என்ற மகிழ்ச்சி.

அதற்குப் பிறகு பாயிடம் சொல்லி அனுமதி வாங்கி, சாப்பாட்டு இடைவேளையில் சுமதியக்காவை மேலே வரவழைத்தோம். நிறம் போகும் வேகத்தை மாற்றுவேன். "இப்ப சரியா இருக்காக்கா?" "இன்னும் கொஞ்சம் மெதுவா போவணும்." ஓரம் மூடுவதைச் சரவணன் மாற்றுவான். "இது வட்டமா இருக்குது. எனக்கு மேல்பக்கம் மின்னாடி மூடும்." ஒலியைக் குறைப்பேன். "அய்யே, சத்தம் கம்மி ஆவாது தம்பி. தூரமா போவும், கெணத்துக்குள்ளருந்து கேக்குற மாதிரி." சார் தம்பியாகியிருந்தேன். சில நாள் வந்தவுடனே, "நேத்து வந்துச்சு, கேட்டுக்க" என்று உற்சாகமாகச் சொல்வார். கீழே யாரும் அவரிடம் எதையும் கேட்பதில்லை. நாங்கள் கேட்டோம், எழுதிக்கொண்டோம், அவர் சொன்னபடி மாற்றினோம். அதில் அவருக்கும் ஒரு பெருமை இருந்தது. அவர் சாப்பாட்டு நேரத்தைத்தான் எங்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கு உறைக்கவில்லை. பதிலுக்கு டீயும் இரண்டு பிஸ்கட்டும் கொடுத்தோம். தாராளம்தான்.

நான்கு மாதத்தில் அற்புதமான மயக்கம் ஒன்று தயாராகிவிட்டது. விளையாட்டில் மற்ற எதுவும் தயாராகவில்லை.

பெங்களூரிலிருந்து, விளையாட்டில் பணம் போடக்கூடிய இருவர் பார்க்க வந்தார்கள். பாய் பன்னீர் தெளிக்காத குறை. அவர்களில் ஒருவர் விளையாட உட்கார்ந்து, கப்பலை வெடுக்கென்று திருப்பினார். நட்சத்திரங்களின் நிறம் வடிந்தது. மேலிருந்து இருட்டு இறங்கியது. கப்பல் எந்திரத்தின் ஓசை கிணற்றுக்குள் போனது. அந்த மனிதர் தன்னையறியாமல் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அதே நேரத்தில் கீழே தையல் சத்தம் நின்றது. அத்தனை எந்திரங்களும் ஒன்றாக நிற்பதை அந்தக் கட்டடத்தில் நான் அதற்கு முன் கேட்டதில்லை.

ஓடினேன். சுமதியக்கா எந்திரத்துக்குப் பக்கத்தில் தரையில் கிடந்தார். விழுந்தபோது ஊசி விரலில் ஏறியிருந்தது. யாரோ முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார்கள். சூப்பர்வைசர் இடுப்பில் கைவைத்து நின்று, "வாரா வாரம் இதே நாடகம். நாளையிலருந்து வர வேணாம்னு சொல்லிடுங்க" என்றார்.

எனக்கு ஒரே ஒரு விஷயம்தான் தோன்றியது. காதுதான் கடைசியாகப் போகும்.

"அவங்களுக்குக் கேக்குதுங்க!" என்று கத்தினேன். "நீங்க பேசறது எல்லாம் கேக்குது. வாய மூடுங்க!"

நான் யாரிடமும் அப்படிப் பேசியவன் இல்லை. அந்த ஆளும் திகைத்து மூடிக்கொண்டார். நான் மண்டியிட்டு, "சுமதிக்கா, நான்தான். ஆஸ்பத்திரிக்குப் போறோம். ஒண்ணும் ஆவாது" என்று அவர் காதருகே சொல்லிக்கொண்டே இருந்தேன். பாய் மேலே விருந்தினர்களை விட்டுவிட்டுத் தன் காரைக் கொண்டுவந்தார். அதை அவர் கணக்கில் நல்லதாகவே எழுத வேண்டும்.

ஆஸ்பத்திரியில் ஓர் அம்மா டாக்டர். சுமதியக்காவின் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். வெள்ளைக் காகிதம் மாதிரி இருந்தது. "எவ்வளவு நாளா இருக்கு?" என்று கேட்டார்.

சுமதியக்கா பேசும் நிலையில் இல்லை. நான் பேசினேன். நான்கு மாதத்துக்கு மேல், வாரத்துக்கு இரண்டு முறை. முதலில் நிறம் போகும். பார்வை மேலிருந்து மூடும். இருட்டு ஆறு வினாடி. காது கடைசி. வியாழக்கிழமைகளில் கொஞ்சம் அதிகம். எல்லாம் மனப்பாடம்.

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்க யாரு? தம்பியா?"

"இல்ல மேடம். மாடியில கேம் பண்றேன்."

"இவ்வளவு தெரிஞ்சுவெச்சிருக்கீங்க. ஏன் ஒருநாள்கூட கூட்டிட்டு வரல?"

இந்தக் கட்டுரையில் எல்லாவற்றுக்கும் ஒரு நக்கல் வைத்திருக்கிறேன். அந்தக் கேள்விக்கு மட்டும் அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

உடம்பில் இருக்க வேண்டிய ரத்தத்தில் பாதிகூட இல்லையாம். மாதா மாதம் அளவுக்கு மீறிப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. யாரிடமும் சொல்லாமல் தைத்துக்கொண்டிருந்திருக்கிறார். ரத்தம் ஏற்றினார்கள், பிறகு ஒரு ஆபரேஷன் செய்தார்கள். மூன்று மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினார். பாய் தன் அப்பாவிடம் சண்டை போட்டு அந்த இடத்தைக் காலியாகவே வைத்திருந்தார். நான் சுமதியக்காவைப் பார்ப்பதைத் தவிர்த்தேன். படிக்கட்டில் எதிரே வந்தால் கைபேசியை எடுத்து யாரும் இல்லாத அழைப்பில் பேசுவேன்.

விளையாட்டு வெளிவந்தது. ஒரு வாரத்தில் புகார்கள் குவிந்தன: திரை மங்குகிறது, சத்தம் சரியில்லை, என் போன் கெட்டுவிட்டதா? பாய் அமைப்புகள் பக்கத்தில் ஒரு பொத்தான் வைக்கச் சொன்னார். 'மயக்கம்: வேண்டும் / வேண்டாம்.' விளையாடிய அத்தனை பேரும் வேண்டாம் என்றார்கள். விவரமானவர்கள். கொஞ்ச நாளில் விளையாட்டையும் வேண்டாம் என்றார்கள்.

அறையைக் காலி செய்த நாளில், சாப்பாட்டு நேரத்தில் சுமதியக்கா மேலே வந்தார். கன்னம் பூசினாற்போல் இருந்தது. "என்னப் பாத்தா ஓடற. இன்னா பேஜார் உனக்கு?" என்றார். நான் கையிலிருந்த வயரைச் சுருட்டினேன். "டாக்டரம்மா சொன்னாங்க, நீ புட்டுப் புட்டு வெச்சியாம், அதனால சீக்கிரம் கண்டுபுடிச்சாங்களாம். மூஞ்சிய தொங்கப் போடாத. அந்த மயக்கத்த ஒருதடவ காட்டு."

கணினியை மட்டும் இன்னும் கட்டாமல் வைத்திருந்தோம். உட்கார்ந்து கப்பலைத் திருப்பினார். நிறம் வடிந்து, மேலிருந்து மூடி, ஓசை தூரமாகப் போயிற்று. "சரியா இருக்காக்கா?" என்றேன், பழக்கதோஷம்.

இன்னொரு முறை திருப்பிப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார்.

"தெரியல தம்பி. எப்டி இருந்துச்சுன்னே மறந்துட்ச்சு."

அந்த அறையில் இப்போது அட்டைப் பெட்டிகள் இருக்கின்றன. பாய் லெதரிலேயே இருக்கிறார். அது இன்னும் முடியவில்லை. சரவணன் கல்யாண ஆல்பம் செய்கிறான். எங்கள் விளையாட்டு இன்றைய எந்தக் கைபேசியிலும் திறக்காது, அதன் மூலநிரல் இருந்த ஹார்ட் டிஸ்க்கும் போய்விட்டது. சுமதியக்காவின் மயக்கம் நிறம் நிறமாக, வினாடி வினாடியாகப் பதிவாகியிருந்த இடம் உலகத்திலேயே அது ஒன்றுதான். அதிலும் இப்போது இல்லை, அவரிடமும் இல்லை.