நான் வாயைக் கட்டிய தவக்காலம்

என்னிடம் யாரும் ‘முடியுமா’ என்று கேட்கக் கூடாது. கேட்டால் செய்து காட்டிவிட்டுத்தான் மறுவேலை. முட்டி தேய்ந்த நான் மூன்றாவது மாடியில் குடியிருப்பதே அப்படித்தான். வீடு பார்க்கப் போன அன்று தரகர் என் காலைப் பார்த்து, “இந்த வயசுல படி ஏற முடியுமாம்மா?” என்று கேட்டுவிட்டார். தரைத்தளத்து வீடும் காலியாகத்தான் இருந்தது. நான் மூன்றாவது மாடிதான் வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கினேன். அன்றிலிருந்து ஒவ்வொரு படியிலும் அந்தத் தரகரை நினைத்துக்கொள்கிறேன்.

வேலைக்குப் போன காலத்தில் ஆஸ்பத்திரி சலவைக் கூடத்தில் இருந்தேன். படுக்கை விரிப்புகளை மாடியில் காயப்போட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற வேலை. அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை. காலையில் எழுந்ததும் முட்டியைத் தடவிப் பார்த்து, இன்றைக்கு மழை, இன்றைக்குப் புழுக்கம் என்று வீட்டாருக்குச் சொல்லிவிடுவேன். பஸ் ஓட்டுகிற மகனும் கல்லூரிக்குப் போகிற பேத்தியும் குடை இல்லாமல் என்னைத் தாண்டிப் போக முடியாது. நான் சொன்ன நாளெல்லாம் பெய்திருந்தால் இந்த ஊர் எப்போதோ மூழ்கியிருக்கும்.

இந்த வருடம் சாம்பல் புதன் அன்று, நெற்றியில் சாம்பலோடு எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். தவக்காலத்துக்கு எதை விடப்போகிறோம் என்று ஆளுக்கொன்றாகச் சொன்னார்கள். மகன் சிகரெட் என்றான். தையல்காரியான மருமகள் டிவித் தொடர் என்றாள். பேத்தி சாக்லேட். என் முறை வந்தது. டீயில் தோய்த்துத் தின்கிற பிஸ்கட்டை மனதில் வைத்துக்கொண்டு, “நான் வாயைக் கட்டப்போறேன்” என்றேன்.

மகன் கரண்டியைக் கீழே வைத்தான். “நெஜமாவாம்மா? பேசவே மாட்டியா?”

அவன் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை அவனுடைய கல்யாணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை. நான் சொன்னது பிஸ்கட்டை என்று விளக்க வாயெடுத்தேன். அதற்குள் மருமகள் கேட்டுவிட்டாள்.

“உங்களால முடியுமா அத்தை?”

அவ்வளவுதான். எடுத்த வாயை மூடிக்கொண்டேன்.

ஜெபத்துக்கு மட்டும் விலக்கு என்று பேத்தி சட்டம் போட்டாள். நானும் விடவில்லை. மறுநாள் சாப்பாட்டுக்கு முன் கைகூப்பி, “ஆண்டவரே, இந்த வீட்டில் உப்புப் போடுகிறவர்களுக்கு ஞாபகசக்தியைத் தாரும்” என்று வேண்டினேன். “பாட்டி, அது செல்லாது” என்று அந்த வழியையும் அடைத்துவிட்டாள். சேதி எப்படியோ பங்குச்சாமியார் காதுக்குப் போனது. ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில், நாவை அடக்கிய ஒரு மூதாட்டி நம் நடுவில் இருக்கிறார் என்றார். பேரைச் சொல்லவில்லை, கோயிலே திரும்பி என்னைப் பார்த்தது. பிறகு பின்வாங்குவது எங்கே?

பேசாத வாய் சும்மா இருக்குமா? தின்ன ஆரம்பித்தது. விடுவதாக நினைத்த பிஸ்கட்டையே டப்பா டப்பாவாக முடித்தேன்.

இந்தச் சமயத்தில்தான் மருமகளுக்குக் கோயில் வேலை வந்தது. அதுவரை கோயிலுக்குத் தைத்துக்கொண்டிருந்த வேறொரு அம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது. தவக்காலத்தில் புனிதர் சுரூபங்களை மூடிவைக்க ஊதா உறைகளும், அது முடிந்து வரும் உயிர்ப்பு ஞாயிற்றுக்கு ஒரு வெள்ளைப் பீடத்துணியும் தைத்துக் கொடுக்க வேண்டும். பங்குக் குழுவுக்குப் பிடித்துவிட்டால் இனிமேல் கோயில் தையல் எல்லாம் அவளுக்கு. பிடிக்காவிட்டால் வேறு ஆள். தைப்பதற்கு முன் துணி சுருங்கட்டும் என்று நனைத்து, மாடிக் கொடியில் ஊதாவையும் வெள்ளையையும் பக்கத்துப் பக்கத்தில் காயப்போட்டாள். சாயத்துணியோடு வெள்ளையைச் சேர்க்காதே என்று சொல்ல என் நாக்கு துடித்த துடிப்பு ஆண்டவருக்குத்தான் தெரியும். ஒரு பிஸ்கட்டை எடுத்து வாயில் போட்டு அதை அடக்கினேன்.

மத்தியானம் வானம் கறுத்தது. முட்டி குத்தியது. மருமகள் முன்னறையில் மெஷின் சத்தத்தில் இருந்தாள். நான் தட்டில் கரண்டியால் தட்டினேன். எழுந்து வந்தாள்.

“பசிக்குதா அத்தை?” என்று ரொட்டி கொண்டுவந்து வைத்தாள். வேண்டாம் என்று சொல்லத்தான் வாய் இல்லை, தின்ன இருந்தது. தின்றேன். பிறகு அவள் கையைப் பிடித்து இழுத்து, ஜன்னல் வழியாக வானத்தைக் காட்டினேன். அவள் அண்ணாந்து பார்த்துவிட்டு, “எப்பவும் ஆண்டவர் நெனப்பாவே இருக்கீங்க அத்தை” என்று மெஷினுக்குப் போய்விட்டாள்.

அப்போது இடி இடித்தது. கீழ்வீட்டில் கட்டிலை நகர்த்தினார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

“மழை வருது, துணியை எடு” என்று கத்தினேன். பல நாள் அடைத்துவைத்த குரல். மூன்று மாடிக்கும் கேட்டிருக்கும். மருமகள் ஓடினாள். விடுமுறையில் தூங்கிக்கொண்டிருந்த மகன் எழுந்து ஓடினான். கைக்குக் கிடைத்ததையெல்லாம் அள்ளிச் சுருட்டி என் கட்டிலில் கொண்டுவந்து போட்டார்கள். மூச்சு வாங்க ஜன்னலோரம் நின்று பார்த்தோம். மேகம் அதன்பாட்டுக்கு நகர்ந்து போனது. ஒரு சொட்டு இல்லை. வெயில் சுள்ளென்று அடித்தது.

சுருட்டலைப் பிரித்தபோது, வெள்ளைத் துணியின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஊதா இறங்கியிருந்தது.

மருமகள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். “நீங்க நல்லதுக்குத்தான் சொன்னீங்க அத்தை” என்றாள்.

திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். இதற்கு என்ன செய்வது? ஆறுதலாக ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். “ரெண்டையும் ஒரே கொடியில போட்டது தப்புதானே” என்று வந்தது. என் வாய் அப்படி.

சோப்புப் போட்டோம், ஊறவைத்தோம், மாறி மாறிக் கசக்கினோம். கறை வெளுத்ததே தவிர, போகவில்லை. ஃபாதரிடம் எப்படிச் சொல்வது என்று அவள் சாப்பிடாமல் கிடந்தாள். “நான் சொல்லிக்கிறேன், நீ சாப்பிடு” என்று பாவசங்கீர்த்தன வரிசையில் போய் நின்றேன்.

“ஃபாதர், நீங்க பிரசங்கத்துல புகழ்ந்த கிழவி நான்தான். பேச்சை விடுறேன்னு நான் சொல்லவே இல்ல. பிஸ்கட்டைத்தான் சொன்னேன்.”

“சரி, பிஸ்கட்டை விட்டீங்களா?”

“எங்க ஃபாதர். பேச முடியாத ஏக்கத்துல ரெண்டு பங்கா தின்னேன்.”

மறைப்புக்கு அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் இருமல் கேட்டது. “அப்ப எதைத்தான் விட்டீங்க?”

“அதுதான் எனக்கும் தெரியல.” பிறகு துணி சங்கதியைச் சொன்னேன்.

“துணியைப் பத்தி வெளிய வந்து பேசுவோம். இங்க பாவத்தை மட்டும் சொல்லுங்கம்மா.”

“இதுவும் பாவந்தான் ஃபாதர். அவ ஒரு வார்த்தை என்னைத் திட்டல.”

அவர் யோசித்தார். “உயிர்ப்பு ஞாயிறு வரைக்கும் மருமக வேலையில குத்தம் சொல்லாம இருக்க முடியுமா உங்களால?”

அந்த வார்த்தையைக் கேட்டுவிட்டார். நானும் வாயெடுத்தேன். “முடியாது ஃபாதர்” என்றேன். என் ஆயுளில் முதல் தடவை. மூன்று அருள்நிறைந்த மந்திரம் சொல்லச் சொல்லி அனுப்பிவிட்டார். வெளியே வந்த பிறகு, கறையின் மேல் பூச்சாடி வைத்துக்கொள்ளலாம், குழுவின் கண்ணில் படாமல் போனால் சரி என்றார்.

உயிர்ப்பு ஞாயிறு காலைப் பூசை. முன்வரிசையில் நானும் மருமகளும். எதிர்வரிசையில் பங்குக் குழு. பீடத்தில் வெள்ளைத் துணி, ஓரத்தில் அவள் போட்ட பூவேலை, நடுவில் சாடி. எல்லோரும் எழுந்து நின்று பாடிக்கொண்டிருந்தோம். பாட்டு முடிகிற நேரம், சாடி மெழுகுவர்த்தியை மறைக்கிறது என்று கோயில் பணியாள் அதைத் தூக்கப்போனார்.

“சாடியை எடுக்காதீங்க, அடியில கறை இருக்கு” என்றேன். மெதுவாகத்தான் சொன்னதாக நினைத்தேன். பாட்டு அப்போதுதான் நின்றிருந்தது.

கடைசி வரிசைவரை பீடத்தை எட்டிப் பார்த்தது. மருமகள் முகத்தை மூடிக்கொண்டாள். ஃபாதர் துணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒலிபெருக்கியில் சொன்னார்: “எல்லாரும் உக்காருங்க. கறையே இல்லாதவங்க யாராவது இருந்தா, அவங்க மட்டும் நின்னுக்கலாம்.”

பங்குக் குழு சட்டென்று உட்கார்ந்தது. கோயில் முழுக்க உட்கார்ந்தது. முட்டி மடங்காமல் நான் ஒருத்தி மட்டும் நின்றுகொண்டிருந்தேன்.

எங்கிருந்தோ சிரிப்பு தொடங்கிப் பரவியது. “உக்காருங்க அத்தை” என்று மருமகள் என் ரவிக்கைக் கையைப் பிடித்து இழுத்தாள். தவக்காலத்தில் நான் பருத்ததற்காக அவளே பிரித்துத் தளர்த்திய தையல் டர்ரென்று விட்டது. அவளும் சிரித்துவிட்டாள். துணி நனைத்த நாளிலிருந்து அவள் சிரித்து நான் பார்க்கவில்லை.

கறையைப் பற்றிக் குழு ஒரு வார்த்தை பேசவில்லை. சட்டென்று உட்கார்ந்துவிட்ட பிறகு எந்த முகத்தோடு பேசுவார்கள்? அடுத்து வருகிற பெந்தெகொஸ்தே திருநாளுக்குச் சிவப்புத் துணி எங்கள் வீட்டுக்குத்தான் வந்திருக்கிறது. அதற்குத் தனிக் கொடி கட்டியாயிற்று. இன்று காலை முட்டி குத்தியது, மழை வரும் என்றேன். மருமகள் ஜன்னலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“முதல்ல கீழ்வீட்டுல கட்டில் நகர்த்துறாங்களான்னு கேட்டுட்டு வரேன் அத்தை” என்று படி இறங்கினாள். குடையையும் எடுத்துக்கொண்டுதான் போனாள்.