மட்டக்கோல் போட்ட வளைவு

சாலை இலாகாவில் அவரை எல்லோரும் மட்டக்கோல் என்றுதான் கூப்பிடுவார்கள். மண்ணை வழித்துச் சமன்செய்யும் கிரேடர் வண்டிக்கு டிரைவர். சாலையில் ஒரு மேடுபள்ளம் விடமாட்டார்; வீட்டிலும் மனிதர் அப்படித்தான். படுக்கை விரிப்பில் ஒரு சுருக்கம் இருந்தால் தூக்கம் வராது. "உங்களைக் கட்டிக்கிட்டதுக்கு இஸ்திரிப் பெட்டியைக் கட்டிக்கிட்டிருக்கலாம்" என்பாள் மனைவி.

அப்பேர்ப்பட்டவர்தான் அந்தச் செடியை வழித்துத் தள்ளினார். வறண்ட பொட்டலில், சாலையோரம் தன்னந்தனியாக நின்ற காட்டுப் புதர். பருத்திக்கும் துத்திக்கும் சொந்தக்காரச் செடி. தாவர ஆராய்ச்சி நிலையத்து அம்மா, யாரும் தொடக்கூடாது என்று அதில் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தார். சாலைக்காரர்களுக்கோ சிவப்பு ரிப்பன் என்றால் 'எடுத்துவிடு' என்று அர்த்தம்.

அந்த அம்மா வந்து பார்த்தார். வெற்று மண்ணருகே அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"இந்தப் பக்கத்துலயே இது ஒண்ணுதாங்க இருந்துச்சு."

நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட மட்டக்கோலுக்குச் சோறு இறங்கியிருக்கும். ஒன்றே ஒன்று இருந்ததையும் துடைத்துவிட்டோமே என்று உள்ளுக்குள் குமைந்தார். அந்தப் பாதையில் வேலை என்றால் இடுப்புவலி என்று நழுவினார்.

மழை வந்து சாலையை அரித்த பிறகு நழுவ முடியவில்லை. போய்ப் பார்த்தால், கிரேடர் தகடு கீறிய தடம் நெடுகப் பச்சைத் துளிர்கள். வெறும் களையாகவும் இருக்கலாம். வண்டியை அணைத்துவிட்டு அந்த அம்மாவுக்குப் போன் போட்டார்.

அவர் வந்து மண்டியிட்டு, இலையைத் தடவி, பூதக்கண்ணாடியால் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்னங்க, அதுவா, இல்லையா? சட்டுனு சொல்லிடுங்க."

"அதேதாங்க. விதை எப்பவோ விழுந்து மண்ணுக்குள்ள தூங்கிட்டிருந்திருக்கு. தோல் ரொம்பக் கெட்டி. உங்க தகடு உரசினதுல கீறல் விழுந்து, தண்ணி உள்ள போயிருக்கு."

"அப்ப நான் செஞ்சது நல்லதுங்கறீங்களா?"

"அப்படி நான் சொல்லலை. மறுபடி செஞ்சுடாதீங்க."

மட்டக்கோல் சிரித்தார். சிரிக்கும்போதே கண் நிறைந்தது. நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கி, அன்றைக்குத்தான் மூச்சு முழுசாக வந்தது.

அம்மா பையிலிருந்து மறுபடியும் சிவப்பு ரிப்பனை எடுத்தார்.

"ஐயோ, அதை உள்ள வைங்க. நான் பாத்துக்கறேன்."

துளிர்களைச் சுற்றிப் பெரிய கற்களாகப் பார்த்து அடுக்கினார். பிறகு வண்டியில் ஏறி, கற்களை விட்டு விலகிச் சாலையோரத்தை வழித்தார். நூல் பிடித்தது போன்ற அந்தச் சாலையில் அந்த ஓர் இடம் மட்டும் கோணல். மேற்பார்வையாளர் வந்து காரணம் கேட்டார். "அது நான் போட்ட கோணல் சார், அப்படியே இருக்கட்டும்" என்றார் மட்டக்கோல்.