சீரியஸ் என்றால்

அன்று காலையில் தந்திக்காரர் சைக்கிளை வேலியோரம் சாய்த்ததுமே அத்தை தலையிலிருந்த புல்லுக்கட்டைக் கீழே போட்டுவிட்டாள். செஞ்சியில் எங்கள் தெருவுக்குத் தந்தி வந்து நல்லது நடந்ததில்லை. வீட்டில் இங்கிலீஷ் எழுத்துக்கூட்டத் தெரிந்தவள் ஹைஸ்கூலில் படித்த நான் ஒருத்திதான். மெட்ராஸில் லாரி ஓட்டிக்கொண்டிருந்த மாமா ஆஸ்பத்திரியில் சீரியஸ், உடனே புறப்படவும் என்று வாசித்தேன். அவ்வளவுதான், அத்தை மண்ணில் உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டாள்.

அறுபதுகளில் எங்கள் ஊருக்குள் வந்திருந்த இங்கிலீஷ் சொற்கள் கொஞ்சம்தான். அவையும் வந்த அர்த்தத்தில் இருக்கவில்லை. இன்று என் பேரன் கிரிக்கெட்டுக்கெல்லாம் சீரியஸ் என்கிறான். அன்று அந்தச் சொல்லுக்கு ஆள் போய்விட்டார் என்றுதான் பொருள். சாவைப் பட்டென்று சொன்னால் வருகிறவர்கள் வழியிலேயே விழுந்துவிடுவார்கள் என்று எல்லோரும் அப்படித்தான் தந்தி கொடுத்தார்கள். தாத்தா செத்தபோது, நாங்கள் நைனா என்று கூப்பிடும் அப்பா, மாமாவுக்குக் கொடுத்ததும் அதே சொல்தான்.

இறந்துவிட்டார் என்று இதில் இல்லையே என்று நான் சொல்லிப் பார்த்தேன். நைனா காதில் வாங்கவில்லை.

"செத்தத எவன் தந்தியில போடுவான்? நீ சும்மா இரு."

அத்தை அடுத்த பஸ்ஸிலேயே போகத் துடித்தாள். பொம்பளை அங்கே போய் என்ன செய்யப்போகிறாள், உடம்பு இங்கேதானே வரும் என்று பிடித்து உட்காரவைத்தார்கள். நல்ல எண்ணத்தில்தான் செய்தார்கள். அதை நினைத்தால்தான் இன்னும் மனசு ஆறவில்லை. மேல்மலையனூர் உறவுக்கெல்லாம் ஆள் அனுப்பி, பந்தலுக்குச் சொல்லிவிட்டு, நைனா சாவகாசமாகச் சாயங்கால பஸ்ஸில் கிளம்பினார்.

மறுநாள் மத்தியானம் மாமாவின் உடம்பை வேனில் கொண்டுவந்தார்கள். அவரோடு லாரி ஓட்டியவர் கூடவே வந்திருந்தார். தந்தி கொடுத்ததும் அவர்தான். அத்தையைப் பார்த்துத் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"தந்தி லேட்டா வந்துச்சாம்மா? நேத்து பொழுது சாயற வரைக்கும் அவருக்கு நெனவு இருந்திச்சி. ஒவ்வொரு வாட்டி கதவு தொறக்கசொல்லவும் நீ வந்துட்டியான்னு பாத்துக்கினே இருந்தாரு."

வழியிலேயே இதையெல்லாம் கேட்டு வந்திருந்த நைனா தலை நிமிரவில்லை. பந்தலில் பெண்கள் ஒப்பாரியைத் தொடங்கினார்கள். அத்தை மட்டும் அழவில்லை. மாமாவின் முகத்தருகே குனிந்து, அவருக்கு மட்டும் சொல்வதைப்போல மெல்லச் சொன்னாள்.

"நீ உசுரோட இருக்கசொல்லவே உன்ன அழுது முடிச்சிட்டனேய்யா."