பதினான்காவது பெட்டியின் பதில்

அந்த ஆலையில் பதினான்கு கட்டுப்பாட்டுப் பெட்டிகள். பதின்மூன்று பெட்டிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும். பம்ப் ஹவுஸில் இருக்கும் பதினான்காவது மட்டும் வாய் திறக்காது. அதனால் மேல்தொட்டியில் தண்ணீர் எவ்வளவு என்று பார்க்க, பம்ப் ஆபரேட்டர் மணிக்கொரு தடவை நாற்பத்திரண்டு படி ஏறி, இறங்கி வந்து கன்ட்ரோல் ரூமுக்குப் போனில் சொல்வார்.

இந்த வருடம் அவருடைய மூட்டு மக்கர் செய்தது. அவரைப் பேக்கிங் பிரிவுக்கு மாற்றப்போவதாக மேனேஜர் சொன்னார். அங்கே எட்டு மணி நேரமும் நின்றே வேலை.

"வெள்ளிக்கிழமை பன்னெண்டு மணிக்குள்ள தொட்டி அளவு நம்ம ஸ்கிரீன்ல வரட்டும். வந்தா உங்கண்ணன் அங்கேயே இருக்கலாம்" என்று ஆபரேட்டரின் தங்கையிடம் கெடு வைத்தார். தங்கைதான் ஆலையின் கன்ட்ரோல் டெக்னீஷியன். வயது நாற்பத்தொன்று. பேனல் எனப்படும் அந்தப் பெட்டிகளைப் பார்த்துக்கொள்வதால் எல்லோருக்கும் பேனலக்கா.

பம்ப் ஹவுஸுக்கு நேர் கேபிள் கிடையாது. கன்ட்ரோல் ரூமிலிருந்து கிளம்பும் செய்தி பாய்லர் பெட்டியில் வேறு கேபிளுக்கு மாற வேண்டும். எந்தச் செய்தி எங்கே மாறுவது என்பதைப் பெட்டிகளின் புரோகிராமில் எழுதிவைக்க பேனலக்காவுக்கு இரண்டு நாள் ஆனது. பம்ப் ஹவுஸ் பெட்டியைத் தன் மேசைக்குக் கொண்டுவந்து சோதித்தார். டாண் டாண் என்று பதில் வந்தது.

வெள்ளிக்கிழமை, பெட்டியை அதன் இடத்தில் பொருத்திய பிறகு, பதிலைக் காணோம்.

"கேபிள்தான் போச்சு" என்றார் எலக்ட்ரீஷியன்.

பேனலக்கா போனை எடுத்தார். "அண்ணே, பெட்டியில கேள்வி வந்தா மின்னற மூணாவது விளக்கு மின்னுதா?"

"நீ கேக்கறப்பல்லாம் மின்னுது. பதில்தான் வரலையா? உன் வீட்டுக்காரர் மாதிரி."

"அவரை எதுக்கு இப்ப இழுக்கறே? வை."

கேள்வி போய்ச் சேர்கிறது. அப்படியானால் கேபிளில் கோளாறு இல்லை. மேசையில் கன்ட்ரோல் ரூம் பெட்டியும் இதுவும் ஒரே கேபிளில் இருந்தன. பதிலுக்குத் தனி வழி தேவைப்படவில்லை. இப்போது பதிலும் பாய்லர் பெட்டியில் கேபிள் மாறித்தான் வர வேண்டும்.

"என் தப்பு சார். போற வழிய எழுதினேன், அந்தப் பெட்டியில திரும்பி வர்ற வழிய எழுதல" என்று பக்கத்தில் நின்ற மேனேஜரிடம் சொன்னார்.

மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று இருபது. "முடியுமா?"

"அங்க நடந்து போற நேரம்தான் சார்."

பம்ப் ஹவுஸில் அண்ணனின் ஸ்டூல் மேல் லேப்டாப்பை வைத்து, ஒரே ஒரு வரி சேர்த்தார். பத்து நிமிடத்தில் கன்ட்ரோல் ரூமிலிருந்து எலக்ட்ரீஷியன் போனில் கூப்பிட்டார்: "எழுபத்திமூணு சதவீதம்னு காட்டுது. சரியான்னு மேனேஜர் கேக்கறார்."

அண்ணன் எழுந்தார். "உக்காரு" என்று சொல்லிவிட்டு பேனலக்காவே மேலே ஏறிப் பார்த்தார். எழுபத்துமூன்றுதான்.

ஒரு மாதத்துக்கு எலக்ட்ரீஷியன் தினம் ஒரு தடவை தொட்டியைப் பார்த்து ஸ்கிரீனோடு ஒப்பிட வேண்டும் என்று மேனேஜர் உத்தரவு போட்டார். திங்கட்கிழமை அண்ணனுக்குப் பம்ப் ஹவுஸில்தான் வேலை.