குடம் உடைத்த வீரன்

வெள்ளிக்கிழமை வந்த படத்துக்கு எங்கள் கமிஷன் கடையில் சனிக்கிழமை காலை தீர்ப்பு. லோடு ஏற்றும் ஆட்கள் மல்லி மூட்டையில் சாய்ந்திருப்பார்கள். நான் சாக்குத் தைத்துக்கொண்டே கதையை நடித்துக் காட்டுவேன். நான் வேண்டாமென்று சொன்ன படத்துக்குப் பாளையம்பட்டியில் ஒரு தெருவே போகாது. அந்தத் தெருவில் மொத்தம் பத்து வீடு, அது வேறு விஷயம்.

அப்போதுதான் சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்த அக்கா வீட்டுக்காரர் எனக்கு ஒரு வீடியோ கேம் கொண்டுவந்தார். கைக்கு அடக்கம். உள்ளே சின்ன பேட்டரிக் கட்டை நாலு. பாசி பிடித்த கண்மாய்த் தண்ணீர் நிறத்தில் திரை, அதற்குள் கையில் குச்சியோடு ஒரு குட்டிப் பயல்.

"அரக்கனக் கொன்னு ராசா மகள மீட்டுட்டு வரணும் மாப்ள. என்ன செய்யணும்னு அதுலயே எழுத்து வரும், படிச்சுக்க" என்று சொல்லிவிட்டு மச்சான் பிளேன் ஏறிவிட்டார்.

எழுத்து வந்தது. எல்லாம் இங்கிலீஷ். எனக்குத் தமிழே தகராறு. பள்ளிக்கூடம் போனது இரண்டு வருஷம், அதுவும் மதியச் சோற்றுக்கு. விளையாட்டில் ஊர் நடுவே ஒரு தாடிக் கிழவர் நிற்பார். பக்கத்தில் போனால் நாலு வரி பேசுவார். நான் பொத்தானை அமுக்கி அவர் வாயை மூடிவிட்டுப் பக்கத்து வீட்டுக்குள் நுழைவேன். அங்கே குடங்கள் இருக்கும். தூக்கிப் போட்டால் உடையும். வெளியே போய்த் திரும்பி வந்தால் மறுபடி முழுசாக நிற்கும். மறுபடி உடைப்பேன்.

கடையில் காட்டினேன். லோடு ஆட்களில் மூத்தவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

"ஏலே, இது யாரு வீடு?"

"யாரு வீடோ, அண்ணே."

"கேக்காம கொள்ளாம உள்ள போறான்? களவாணிப் பயலா இவன்?"

"வீரன்ணே."

"வீரன் எதுக்குலே குடத்த ஒடைக்கான்? நம்ம தெருவுல நாலு நாளைக்கு ஒருக்காத்தேன் தண்ணி விடுதான். பொம்பளைக விடியமுன்ன போயி வரிசையில நின்னு பிடிச்சு வச்சிருப்பாக. இவன் நோகாம வந்து போட்டு ஒடைப்பானாக்கும்?"

வெளியே வந்து பயல் குச்சியால் புல்லை அடித்தான். புல் மறைந்தது.

"அந்தா, புல்லையும் அழிச்சுட்டான். மாட்டுக்காவது போட்டானா? தூக்கிக் கெடாசுலே. இவன் ஊரக் காப்பாத்த வந்தவன் இல்ல, ஊர அழிக்க வந்தவன்."

என் வீரனை இப்படிச் சொன்னால் எனக்குப் பொறுக்குமா? "அந்தக் கெழவருதாண்ணே ஒடைக்கச் சொல்லுதாரு. எல்லாக் குடமும் ஒடைஞ்சாத்தேன் அரக்கன் வெளிய வருவானாம்" என்று அடித்துவிட்டேன். நான் சொன்ன அந்தப் பொய்யை முதலில் நம்பியவன் நான்தான். அன்றிலிருந்து மூன்று வாரம் அந்த ஊரை விட்டு நகராமல் குடம் உடைத்தேன்.

நாலாவது வாரம் எனக்குப் பெண் பார்க்கத் திருச்சுழிக்குப் போனோம். ஆறு இடம் தட்டிப்போய் இது ஏழாவது. பஸ்ஸில் அக்கா காதுக்குள் சொன்னாள்: "எட்டாவது பாஸுன்னு சொல்லியிருக்கேன். வாயத் தொறந்த, அங்கனயே கொன்னுபுடுவேன்."

பெண் பத்தாவது வரை படித்தவள். காப்பி கொடுக்கும்போது ஒருதரம் நிமிர்ந்து பார்த்தாள். எனக்கு அதுவே போதும். சாக்கு ஊசி கையில் குத்தினால்கூட இனி வலிக்காது என்று தோன்றியது. வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பதிலாகப் பைக்குள்ளிருந்து விளையாட்டை எடுத்தேன். சிங்கப்பூர்ச் சொந்தம் என்று தெரியவேண்டாமா?

பெண்ணின் அப்பா மிளகாயும் பருத்தியும் போடுகிற சம்சாரி. எட்டிப் பார்த்தார். என் பயல் ஒரு வீட்டுக்குள் நுழைந்து, பழக்க தோஷத்தில், டமார்.

அவர் முகம் சுருங்கியது. வாசலில் எங்களுக்காக நிறைகுடம் வைத்திருந்தார்கள். அவர் அதை ஒருதரம் பார்த்தார், என்னை ஒருதரம் பார்த்தார்.

"என்ன தம்பி, நல்ல காரியத்துக்கு வந்த எடத்துல குடத்தப் போட்டு ஒடைக்கிறீக?"

"நானா ஒடைக்கல மாமா. அந்தப் பெரியவரு சொல்லுதாரு, பாருங்க" என்று தாடிக்காரரிடம் போய் நிறுத்தினேன். நாலு வரி வந்தது. "எல்லாக் குடத்தையும் ஒடைன்னு போட்டிருக்கு."

காப்பித் தட்டோடு நின்றவள் குனிந்து பார்த்தாள். உதடு மெல்ல அசைந்தது. எழுத்துக்கூட்டி முடித்ததும், "அப்பிடிப் போடலப்பா" என்றாள். "வடக்க காட்டுக்குள்ள கத்தி இருக்கு, போயி எடுத்துக்கன்னு போட்டிருக்கு."

அக்கா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

"எத்தன நாளா வெளையாடுறீக தம்பி?"

"மூணு வாரம் மாமா."

"மூணு வாரமா அந்த மனுசன் வழி சொல்லுதாரு. நீங்க ஊரான் வீட்டுல குடம் ஒடைக்கிறீக." அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். "எட்டாவதுன்னு சொன்னாக."

அதற்குமேல் யாரும் காப்பி குடிக்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் அக்கா என்னைத் திட்டியதைச் சொன்னால் கேட்கிறவர் காது கிழிந்துவிடும். நான் தலையைக் குனிந்துகொண்டு பயலை வடக்கே நடத்தினேன். காட்டுக்குள் ஒரு பாறை. பாறைக்குப் பின்னால், அவள் சொன்ன மாதிரியே, கத்தி. எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனேன். ஒரு மீன்காரன் நின்றான். அவனும் நாலு வரி பேசினான். நான் பொத்தானை அமுக்கவில்லை. அருப்புக்கோட்டை வரைக்கும் அந்த நாலு வரியையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஒன்றும் விளங்கவில்லை.

சனிக்கிழமை கடையில் மூத்தவர் கேட்டார்: "என்னலே, போன காரியம்?"

"ஊத்திக்கிருச்சுண்ணே."

"பொண்ணு சரியில்லையா?"

"பொண்ணு தங்கம்ணே. ஹீரோதேன் சரியில்ல" என்று சொல்லிவிட்டுச் சாக்குத் தைக்கக் குனிந்தேன்.